பழைய சின்ன பாய்மரப் படகு நம்ம பேச்சை கேக்கணும்னா: ரிக்கிங்ல எதை முதல்ல தொடணும், எதை கடைசில

22 அடில, முப்பது நாப்பது வருஷம் பழசான பாய்மரப் படகு ஒண்ணை யாரோ கம்மி விலைக்கு தள்ளி விட்டாங்கன்னு வாங்கி தண்ணில இறக்கினா முதல் நாளே ஒரு விஷயம் புரிஞ்சிடும், படகு நம்ம பேச்சை கேக்காது. சுக்கான் பிடியை ரெண்டு கையாலயும் இழுத்துப் பிடிச்சிட்டு உக்காந்திருக்கணும், கொஞ்சம் காத்து ஏறினா சரிஞ்சுகிட்டே காத்து வர்ற பக்கமா மூக்கை திருப்பிக்கும், பாயை ஏத்துற கயிறு பாதில சிக்கும், சரி இறக்கிடலாம்னா இறங்காது. என் படகும் அப்படித்தான் இருந்துச்சு. நானும் எல்லாரும் பண்ற தப்பைத்தான் பண்ணேன், நேரா போய் பளபளன்னு பால் பேரிங் கப்பியும் கலர் கலரா கயிறும் வாங்கி மாட்டினேன். படகு அதே சண்டி மாடாதான் இருந்துச்சு, என்ன, இப்ப கொஞ்சம் அழகான சண்டி மாடு.

ரெண்டு சீசன் தடுமாறின பிறகு எனக்கு புரிஞ்ச வரிசை இது. முதல்ல மாஸ்ட், அதாவது பாய் ஏத்துற கம்பம், விழக்கூடாது, அப்புறம் மாஸ்ட் நேரா நிக்கணும், அப்புறம் பாயோட வடிவம், அதுக்கும் அப்புறம்தான் கையில பிடிக்கிற கயிறும் கப்பியும். கடைல பாக்க ஆசையா இருக்குறதெல்லாம் இந்த வரிசையோட கடைசில வருது, அதான் சிக்கல்.

பேர் தெரியாதவங்களுக்கு சட்டுனு சொல்லிடறேன். மாஸ்ட்டை நிக்க வைக்கிற ஸ்டீல் வயர் எல்லாம் ஸ்டாண்டிங் ரிக்கிங்: முன்னாடி அணியத்துல இருந்து போறது ஃபோர்ஸ்டே, பின்னாடி போறது பேக்ஸ்டே, ரெண்டு பக்கமும் இறங்குறது ஷ்ரவுட். ஷ்ரவுட்ல மாஸ்ட் உச்சி வரைக்கும் போறதை கேப் ஷ்ரவுட்னும், நடுல ஸ்ப்ரெடருக்கு (மாஸ்ட்ல இருந்து பக்கவாட்டுல நீட்டி வயரை வெளிய தள்ளிப் பிடிக்கிற கை) கீழ முடியறதை லோயர்னும் சொல்லுவாங்க. வயரை முறுக்கி இறுக்குற திருகாணி டர்ன்பக்கிள், அது படகுல வந்து மாட்டுற பட்டை செயின்பிளேட். பாயை ஏத்தி இறக்கி இழுத்து விடுற கயிறெல்லாம் ரன்னிங் ரிக்கிங்: பாயை ஏத்துறது ஹேலியார்ட், நம்ம பழைய கடல் தமிழ்ல ஆஞ்சான், பாயை உள்ள வெளிய விடுறது ஷீட். இது போதும், மீதி வர்ற வழில பாத்துக்கலாம்.

மாஸ்ட்டை இறக்குங்க

மாஸ்ட் நிக்கும்போதே கீழ இருந்து அண்ணாந்து பாத்துட்டு "நல்லாத்தான் இருக்கு"ன்னு சொல்றதுக்கு பேர் இன்ஸ்பெக்‌ஷன் இல்ல. சின்ன படகோட பெரிய வசதியே மாஸ்ட்டை ரெண்டு மூணு பேர் சேந்து இறக்கிடலாம்ங்கிறதுதான், நிறைய படகுல மாஸ்ட் அடில கதவுக் கீல் மாதிரி மடங்குற ஸ்டெப்பே இருக்கும். ரெண்டு விஷயத்துல மட்டும் விளையாடாதீங்க. ஒண்ணு, தலைக்கு மேல கரண்ட் கம்பி. அலுமினிய மாஸ்ட்டும் ஸ்டீல் வயரும் கரண்ட்டை நல்லா கடத்தும், மாஸ்ட்டை ஏத்தி இறக்குற இடத்துல மட்டும் இல்ல, டிரெய்லர்ல தள்ளிட்டு போற வழி முழுக்க ஒரு தடவை தலை தூக்கி பாருங்க. ரெண்டு, மாஸ்ட் இறங்கும்போது பக்கவாட்டு ஷ்ரவுட் எல்லாம் லூசாகிடும், அந்த நேரத்துல ஒரு சின்ன அலை, ஒரு ஆள் கால் மாத்தி வச்சா கூட மாஸ்ட் பக்கமா சாஞ்சு ஸ்டெப்பையே பிச்சுக்கிட்டு போயிடும். அதனால பக்கத்துக்கு ஒண்ணா தற்காலிகமா கயிறு கட்டிக்கோங்க, மடங்குற கீலுக்கு நேர்கோட்டுல அந்த கயிறோட அடி இருந்தா இறங்குற முழு நேரமும் இறுக்கமா நிக்கும்.

இறக்குறதுக்கு முன்னாடி ஒவ்வொரு டர்ன்பக்கிள்லயும் எத்தனை மரை வெளிய தெரியுதுன்னு எண்ணி எழுதி வச்சிக்கோங்க, போன்ல போட்டோவும் எடுங்க. பழைய செட்டிங் தப்பாவே இருந்தாலும் திரும்பி வர ஒரு இடம் வேணும்.

வயரை எப்படி பாக்கணும்

சாதாரணமா ஷ்ரவுட்டுக்கு வர்றது 1x19 வயர், அதாவது 19 கெட்டி கம்பியை சேத்து முறுக்கினது, 316 ரக ஸ்டெயின்லெஸ். அது அறுந்து போற இடம் நடுல இல்ல, முனைல. வயரை ஒரு ஸ்டீல் குழாய்க்குள்ள விட்டு மெஷின்ல அமுக்கி ஒட்ட வச்சிருப்பாங்களே, ஸ்வேஜ்னு பேரு, அதுலயும் கீழ் முனை ஸ்வேஜ்தான் முதல்ல போகும். காரணம் சிம்பிள், அது வாயை மேல பாத்துட்டு நிக்குற கிண்ணம் மாதிரி, மழைத் தண்ணியும் உப்புத் தண்ணியும் வயர் வழியா இறங்கி உள்ள போய் தங்கிடும். ஸ்டெயின்லெஸ் துருப்பிடிக்காதுன்னு நினைச்சிட்டு இருக்கோம், அது காத்துல இருக்குற ஆக்சிஜனை வச்சு மேல ஒரு மெல்லிய தோல் போத்திக்கிட்டுதான் தப்பிக்குது, காத்து போகாத இடத்துல தேங்கின தண்ணில அந்த தோல் போயிடும், உள்ளுக்குள்ளயே அரிச்சிடும்.

சோதனை பண்ற விதம்: ஒரு பழைய பனியன் துணியையோ டிஷ்யூவையோ வயரை சுத்திப் பிடிச்சு மேல இருந்து கீழ வரைக்கும் இழுங்க. எங்கயாவது நூல் மாட்டினா அங்க ஒரு கம்பி அறுந்து முள்ளு மாதிரி நீட்டிட்டு இருக்கு. வெறுங்கையால தடவாதீங்க, நான் தடவினேன், பின்பக்க லோயரோட கீழ் ஸ்வேஜுக்கு சரியா ஒரு சென்டிமீட்டர் மேல, கட்டை விரல்ல பிளேடு போட்ட மாதிரி கிழிச்சிடுச்சு, ரத்தத்தை துடைச்சிட்டு பூதக்கண்ணாடி வச்சு பாத்தா ஒண்ணு இல்ல, ரெண்டு கம்பி அறுந்து மூணாவது பாதி விட்டிருந்துச்சு. முந்தின வாரம்தான் அந்த படகுல நல்ல காத்துல ரெண்டு பேரை ஏத்திட்டு சுத்திட்டு வந்தேன்.

ஒரு கம்பி அறுந்தாலும் அந்த வயர் காலி. ஒரு வயர் காலின்னா கூடப் பிறந்த மத்த வயரும் அதே வயசு, அதே உப்பு, அதனால மொத்த செட்டையும் மாத்துங்க. துணி மாட்டலன்னாலும் ஸ்வேஜ் குழாய் மேல நீளவாக்குல முடி மாதிரி கீறல் இருக்கா, குழாய் வாழைப்பழம் மாதிரி லேசா வளைஞ்சிருக்கா, துடைச்ச பிறகும் திரும்பத் திரும்ப உள்ள இருந்து பழுப்பு நீர் கசியுதான்னு பாருங்க, எதுக்கு ஆமான்னு பதில் வந்தாலும் மாத்துறதுதான். வயர் வெளிய லேசா பழுப்பா இருந்து துடைச்சா போயிடுதுன்னா அது வெறும் கறை, பயப்பட வேண்டாம். வயசு தெரியாத வயருக்கு என் கணக்கு ரொம்ப ஈஸி: முன்னாடி வச்சிருந்தவர் மாத்தின தேதி சொல்ல முடியலன்னா அது ஒரிஜினல் வயர்னு வச்சுக்கோங்க. உப்புத் தண்ணில 10 வருஷம் தாண்டினாலே நிறைய பேர் மாத்திடுவாங்க, நிறைய இன்சூரன்ஸ்காரங்களும் கிட்டத்தட்ட அந்த வயசுலதான் கேள்வி கேக்க ஆரம்பிப்பாங்க.

புது வயர் போடும்போது "இன்னும் தடியா போட்டுடலாமே"ன்னு ஒரு ஆசை வரும். வேண்டாம். மேல ஏத்துற ஒவ்வொரு கிராமும் படகை சரிக்கத்தான் உதவும், அதோட தடி வயருக்கு ஏத்த பலம் செயின்பிளேட்லயும் ஆணிலயும் இருக்காது. பழைய அளவே போடுங்க. 4 மில்லி 1x19 வயரே 1300 கிலோவுக்கு மேல தாங்கும், சின்ன படகுக்கு அது விளையாட்டு இல்ல. பழைய வயரை வெட்டாம, எது எந்த பக்கம்னு டேப் ஒட்டி எழுதி, ரிக்கர் (இந்த வயர் வேலை செய்றவர்) கிட்ட அப்படியே கொடுத்து ஆணி ஓட்டைல இருந்து ஆணி ஓட்டை வரைக்கும் அளந்து செய்யச் சொல்லுங்க, ஆனா முதல்ல இடது வலது ரெண்டும் ஒரே நீளமான்னு பக்கத்துல பக்கத்துல போட்டு பாத்துக்கோங்க, என்னோடதுல 2 சென்டிமீட்டர் வித்தியாசம் இருந்துச்சு, யாரோ எப்பவோ அவசரத்துக்கு ஒண்ணு மட்டும் மாத்தியிருக்காங்க. டர்ன்பக்கிள் பாதி திறந்த நிலைல நீளம் சரியா வர்ற மாதிரி கேளுங்க, புது வயர் கொஞ்சம் நீளும், அதை இழுத்துக்க மரை மிச்சம் இருக்கணும்.

நீங்களே செய்யணும்னா ஸ்பேனர் வச்சு இறுக்குற மெக்கானிக்கல் டெர்மினல் இருக்கு, உள்ள ஒரு கூம்பு வச்சு வயரை விரிச்சு பிடிக்கும், கழட்டிப் பாக்கவும் முடியும், வாய்ல சீலன்ட் போட்டுட்டா தண்ணி தங்காது. இடுக்கி வச்சு அமுக்குற செம்பு வளையத்தை மட்டும் 1x19 வயர்ல போடாதீங்க, அது நல்லா வளையுற 7x7, 7x19 வயருக்கானது. டைனீமா கயிறை (ரொம்ப பலமான செயற்கை நார் கயிறு) வயருக்கு பதிலா போடலாமான்னு கேப்பீங்க, போடுறாங்க, லேசா இருக்கு, நல்லா இருக்கு, ஆனா நிரந்தர பாரத்துல அது மெதுவா நீண்டுகிட்டே போகும், வெயிலும் உரசலும் சாப்பிடும், அளவு எடுக்குறதுக்கு வேற கணக்கு. முதல் தடவையே அது வேண்டாம்னுதான் சொல்லுவேன்.

ஃபோர்ஸ்டேவுக்கு மேலயும் கீழயும் டாகிள் இருக்கான்னு கட்டாயம் பாருங்க. டாகிள்னா ரெண்டு திசைலயும் ஆடுற மூட்டு. முன் பாய் காத்துல நிரம்பும்போது ஃபோர்ஸ்டேவை பக்கவாட்டுல இழுக்கும், மூட்டு இல்லன்னா அந்த வளைவு முழுக்க ஸ்வேஜ்லயோ டர்ன்பக்கிள் மரைலயோதான் விழும், கம்பியை முன்னும் பின்னும் மடக்கி உடைப்போமே, அதேதான்.

வயர் மாட்டுற இடங்கள்

புது வயரை அழுகின மரத்துல மாட்டி என்ன பிரயோஜனம். செயின்பிளேட்டை கழட்டி வெளிய எடுங்க, ஆமா, கஷ்டம்தான், போல்ட் சுத்தும், உள்ள கை போகாது, ஆனா டெக்குக்குள்ள, அதாவது படகோட மேல்தளத்துக்குள்ள, மறைஞ்சிருக்குற அந்த ரெண்டு சென்டிமீட்டர்தான் அரிக்கும். வெளிய தெரியுற பகுதி கண்ணாடி மாதிரி இருக்கும், உள்ள பாத்தா கரையான் தின்ன மாதிரி குழி.

அதோட டெக்கையும் தட்டிப் பாருங்க. பழைய பைபர் படகு டெக் பெரும்பாலும் ரெண்டு பைபர் தகடுக்கு நடுல பால்சா மரமோ பிளைவுட்டோ வச்ச சாண்ட்விச். ஸ்க்ரூடிரைவர் பிடியால தட்டினா நல்ல இடம் "டக்"னு சொல்லும், ஊறின இடம் "தொப்"னு சொல்லும். ஓட்டையை சுத்தி கொஞ்சம்தான் ஊறியிருந்தா ஈர மரத்தை சுரண்டி எடுத்து, நல்லா காய விட்டு, கெட்டியாக்கின எபாக்ஸி ஊத்தி நிரப்பி, அது இறுகின பிறகு அதுலயே சரியான அளவுல ஓட்டை போடுங்க. இனிமே தண்ணி கசிஞ்சாலும் மரத்துக்கு போகாது. மேல பூட்டும்போது பியூட்டைல் டேப் போடுங்க, பசை மாதிரி இருக்கும், நாளைக்கு கழட்டணும்னாலும் கழட்டலாம்.

மாஸ்ட் டெக் மேல நிக்குற படகுன்னா உள்ள கேபின்ல அதுக்கு நேர் கீழ ஒரு தூண் இருக்கணும். வயரை இறுக்கினா கேபின் கதவு சிக்குதுன்னா டெக் அமுங்குதுன்னு அர்த்தம், அதை சரி பண்ணாம மேல எதுவும் பண்ணாதீங்க. மாஸ்ட்ல ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ அலுமினியத்துல போற எல்லா இடத்துலயும் வெள்ளை பொடி பூத்திருக்கும், ரெண்டு உலோகமும் உப்புத் தண்ணில சேந்தா அலுமினியம்தான் கரையும், கழட்டி சுத்தம் பண்ணி நடுவுல இன்சுலேட்டிங் பேஸ்ட் தடவி திரும்ப பூட்டுங்க.

ஸ்ப்ரெடர். இதை யாரும் கவனிக்கிறது இல்ல. ஸ்ப்ரெடர் முனைல வயர் ஒரு வளைவு வளையுது இல்லையா, மேல வர்ற வயருக்கும் ஸ்ப்ரெடருக்கும் உள்ள கோணமும், கீழ போற வயருக்கும் ஸ்ப்ரெடருக்கும் உள்ள கோணமும் சமமா இருக்கணும். அப்படி இருந்தா ஸ்ப்ரெடர் லேசா மேல தூக்கின மாதிரி நிக்கும். என் படகுல அது நனைஞ்ச காக்கா ரெக்கை மாதிரி தொங்கிட்டு இருந்துச்சு, அப்படி இருந்தா பாரம் ஏறும்போது முனை கீழ வழுக்கும், வழுக்கினா ஷ்ரவுட் லூசு, லூசானா மாஸ்ட் போச்சு. சரியான கோணத்துல வச்சு மெல்லிய ஸ்டெயின்லெஸ் கம்பியால முனையை வயரோட கட்டிடுங்க, பாய் கிழியாம இருக்க மேல தோலோ டேப்போ சுத்துங்க.

மாஸ்ட்டை நிமுத்துறது

மாஸ்ட்டை ஏத்தி எல்லா ஆணியும் போட்டாச்சு, படகு தண்ணில சமமா மிதக்குது, காத்து இல்லாத காலை நேரம். டர்ன்பக்கிள் மரைல மறக்காம கிரீஸ் போட்டிருக்கணும், ஸ்டெயின்லெஸ் மரை பாரத்துல திருகும்போது ஒண்ணோட ஒண்ணு கடிச்சு வெல்டு வச்ச மாதிரி பூட்டிக்கும், அப்புறம் ரம்பம்தான்.

லோயர் ஷ்ரவுட் எல்லாத்தையும் லூசா விடுங்க. கேப் ஷ்ரவுட்டை கையால எவ்வளவு முடியுமோ அவ்வளவு மட்டும் இறுக்குங்க. இப்ப மெயின் ஹேலியார்ட்ல ஒரு ஸ்டீல் டேப்பை கட்டி உச்சிக்கு ஏத்தி, இடது செயின்பிளேட் வரைக்கும் அளங்க, வலது செயின்பிளேட் வரைக்கும் அளங்க. ரெண்டும் ஒண்ணா வர்ற வரைக்கும் ஒரு பக்கம் விட்டு ஒரு பக்கம் இறுக்குங்க. வெறும் கயிறை வச்சு அளந்தா கயிறு நீளும், பொய் சொல்லும்.

அடுத்து பின் சாய்வு. அதே ஹேலியார்ட்ல ஒரு கனமான பொருளை கட்டி தொங்க விடுங்க, கொத்தனார் தூக்குக் குண்டு மாதிரி. அது மாஸ்ட் அடில இருந்து எவ்வளவு பின்னாடி தொங்குதுன்னு பாத்தா அதான் சாய்வு. 8 மீட்டர் மாஸ்ட்ல 1 டிகிரின்னா கிட்டத்தட்ட 14 சென்டிமீட்டர். ஆரம்பத்துக்கு 1 டிகிரி பக்கத்துல வைங்க, உங்க படகுக்கு டிசைன் அளவு கிடைச்சா அதை வைங்க. ஃபோர்ஸ்டேவையும் பேக்ஸ்டேவையும் விட்டு இறுக்கித்தான் இதை மாத்தணும்.

இப்ப கேப் ஷ்ரவுட்டை இறுக்கணும், எவ்வளவுன்னு எப்படி தெரியும்? கிட்டார் மாதிரி தட்டி "டொய்ங்"னு வந்தா போதும்னு சொல்றவங்க இருக்காங்க. எனக்கு அந்த காது கிடையாது, நான் ஸ்கேல் வச்சுத்தான் பண்றேன். 1x19 ஸ்டெயின்லெஸ் வயர் 2 மீட்டர் நீளத்துக்கு 1 மில்லிமீட்டர் நீண்டா அது தன் அறுபடு பலத்துல 5 சதவீத பாரத்துல இருக்குன்னு கணக்கு, வயர் எந்த தடிமனா இருந்தாலும் இதே கணக்குதான். 2 மீட்டர் சட்டம் ஒண்ணு எடுத்து வயர் கையிறுக்கமா இருக்கும்போது மேல் முனையை மட்டும் வயரோட டேப் போட்டு ஒட்டுங்க, கீழ் முனை ஸ்வேஜோட மேல் விளிம்பை சரியா தொட்டுட்டு நிக்கட்டும். இப்ப டர்ன்பக்கிளை இறுக்க இறுக்க சட்டத்துக்கும் ஸ்வேஜுக்கும் நடுல இடைவெளி திறக்கும். இடது பக்கம் ரெண்டு சுத்து, வலது பக்கம் ரெண்டு சுத்துன்னு மாத்தி மாத்தி போங்க. 3 மில்லிமீட்டர் திறந்தா 15 சதவீதம், ஸ்ப்ரெடர் நேரா பக்கவாட்டுல நீட்டுற சாதாரண படகுக்கு அங்கயே நிறுத்திடுங்க. பழைய படகுல 20 சதவீதத்தை தாண்டவே தாண்டாதீங்க. முதல் தடவை இதை பண்ணும்போது நான் டெக்குல முட்டி போட்டு போன் லைட் அடிச்சு அந்த இடைவெளில ரெண்டு பிளேடை செருகி செருகி பாத்துட்டு இருந்தேன், பக்கத்து படகுக்காரர் எதையோ தொலைச்சிட்டேன்னு நினைச்சு கூட சேந்து தேட வந்துட்டார்.

அப்புறம் மாஸ்ட் அடில கன்னத்தை வச்சு, பாய் ஏறுற காடி வழியா மேல பாருங்க. நேர் கோடா தெரியணும். நடு பகுதி ஒரு பக்கமா வயிறு தள்ளினா எதிர்ப்பக்க லோயரை கொஞ்சம் இறுக்கினா நேராகிடும். லோயரை கேப் அளவுக்கு இறுக்க வேண்டாம்.

கடைசி டெஸ்ட் தண்ணிலதான். 10, 12 நாட் (கடல்ல வேகத்தை சொல்ற அளவு) காத்துல காத்துக்கு எதிரா நெருக்கி ஓட்டுங்க, படகு 15, 20 டிகிரி சரிஞ்சிருக்கும்போது காத்து படாத பக்கத்து கேப் ஷ்ரவுட்டை விரலால அசைங்க. இறுக்கம் போய் அப்பத்தான் லூசாக ஆரம்பிச்ச மாதிரி இருந்தா சரி. கண்ணால பாத்தாலே தொளதொளன்னு ஆடினா பத்தல. இறுக்குறதுன்னா படகை திருப்பி அந்த வயர் லூசா இருக்குற பக்கத்துல வச்சு அரை சுத்து, திரும்ப திருப்பி இந்தப் பக்கம் அரை சுத்து. எல்லாம் முடிஞ்சதும் ஸ்ப்ளிட் பின் போடுங்க, பின்னோட கால் ரொம்ப நீளமா வேண்டாம், லேசா விரிச்சா போதும், மேல டேப். ரெண்டு காலையும் முழுசா மடக்கி வச்சா அவசரத்துக்கு கழட்ட முடியாது.

ஒரு பக்கமா இழுக்குற வியாதி

இதுக்குத்தான் இவ்வளவும். சுக்கானை விட்டா படகு காத்து வர்ற பக்கமா திரும்புறதுக்கு வெதர் ஹெல்ம்னு பேரு. கொஞ்சம் இருக்கணும், சுக்கான் 3, 5 டிகிரி திரும்பியிருந்தா கைக்கு உணர்வு கிடைக்கும், கை நழுவினா படகு தானா காத்துக்கு எதிரா திரும்பி நின்னுடும், பாதுகாப்பு. கூடுதலா இருந்தா சுக்கானே பிரேக் மாதிரி வேலை செய்யும்.

எல்லாரும் உடனே மாஸ்ட் சாய்வை குறை சொல்லுவாங்க. நானும் ஒரு மாசம் ஃபோர்ஸ்டேவோட மல்லுக்கட்டினேன். கடைசில பாத்தா, என் சுக்கான் பலகை மடங்குற டைப், அது முழுசா கீழ இறங்கல, கயிறு நீண்டு போய் பலகை கொஞ்சம் பின்னாடி தூக்கிட்டு இருந்துச்சு. தண்ணி தள்ளுற இடம் சுக்கான் திரும்புற கீலுக்கு எவ்வளவு பின்னாடி போகுதோ அவ்வளவு கனமா கையில இழுக்கும், கதவை கைப்பிடி பக்கம் தள்ளுறதுக்கும் கீல் பக்கம் தள்ளுறதுக்கும் உள்ள வித்தியாசத்தை திருப்பி போட்டா இதான். கயிறை மாத்தி பலகையை முழுசா கீழ இழுத்து கட்டினேன், பாதி வியாதி அன்னைக்கே போச்சு. அதனால முதல்ல சுக்கான் பலகை, அப்புறம்தான் மத்தது.

ரெண்டாவது காரணம் சரிவு. படகு சரியும்போது பாய் தள்ளுற விசை படகுக்கு வெளிய தண்ணி மேல போயிடும், அங்க இருந்து தள்ளினா மூக்கு காத்து பக்கம் திரும்பாம என்ன பண்ணும். சரிவை குறைங்க, ஆளுங்க மேல் பக்கமா உக்காருங்க, ரீஃப் போடுங்க, அதாவது பாயை கொஞ்சம் சுருக்குங்க. காத்தோட பலம் வேகத்தோட வர்க்கத்துல ஏறும், 10 நாட்ல இருந்து 14 நாட் ஆனாலே பாய் மேல விழுற பாரம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, நாலு நாட்தானேன்னு இருக்கும்.

மூணாவது பாயோட தொப்பை. பழைய மெயின் பாய் துணி தளர்ந்து வயிறு பெருத்து, அந்த வயிறும் பின்னாடி நகந்து நிக்கும், அது முன்னாடி இழுக்காம பக்கவாட்டுல தள்ளும். புது பாய் இப்போதைக்கு முடியாதுன்னா இருக்குறதை தட்டையாக்குங்க: ஹேலியார்ட்டை நல்லா இழுங்க, பூம் (மெயின் பாயோட அடி ஓரத்தை பிடிக்கிற படுக்கை கம்பம்) முனைல பாய் மூலையை பின்னாடி இழுக்குற அவுட்ஹாலை இறுக்குங்க, முன் ஓரத்தை கீழ இழுக்குற கன்னிங்ஹாமை இறுக்குங்க, பேக்ஸ்டேவை இறுக்கினா ஃபோர்ஸ்டேவோட தொங்கலும் குறையும். இதெல்லாம் பண்ணியும் இழுக்குதுன்னா அப்ப ஃபோர்ஸ்டேவை கொஞ்சம் குட்டையாக்கி மாஸ்ட்டை முன்னாடி கொண்டு வாங்க, ஒரு தடவைக்கு 2, 3 சென்டிமீட்டர், அதுக்கு மேல வேண்டாம். அதிகமா போய் படகு காத்தை விட்டு விலகி ஓட ஆரம்பிச்சா அது இதை விட மோசம்.

இப்ப கயிறும் கப்பியும்

ஹேலியார்ட்ல இருந்து ஆரம்பிங்க. பாதி வயர் பாதி கயிறா இருக்குற பழைய ஹேலியார்ட்டை முழு கயிறா மாத்தினா கை கிழியாது, ஆனா உச்சில இருக்குற சக்கரத்தை பாருங்க, வயருக்கான குறுகலான காடில கயிறு போனா நசுங்கும், சக்கரத்தையும் மாத்தணும். மாஸ்ட் கீழ கிடக்கும்போதே இதை பண்ணிடுங்க. சாதா பாலியஸ்டர் நீளும், நீண்டா காத்து ஏறும்போது பாய் தொப்பை போடும், அதனால உள்ள டைனீமா மேல பாலியஸ்டர் உறை உள்ள கயிறுக்கு செலவு பண்றது எனக்கு நியாயமா படுது. 6 மில்லி கயிறே பலத்துக்கு தாங்கும், ஆனா கைக்கு பிடிமானம் 8 மில்லிதான்.

மாஸ்ட் நிக்கும்போதே பழைய கயிறை வச்சு புதுசை இழுக்கணும்னா ரெண்டு முனையையும் ஊசி நூல் வச்சு தைங்க, அதுக்கு மேல டேப். நான் வெறும் டேப்பை நம்பினேன், உச்சி சக்கரத்துக்கிட்ட போய் கழண்டு பழைய கயிறு முழுசும் மாஸ்ட்டுக்குள்ள சரசரன்னு விழுந்த சத்தம் இன்னும் காதுல இருக்கு.

மெயின் ஷீட்ல பழைய படகுக்கு பிரச்சனை கப்பி எண்ணிக்கை இல்ல, உராய்வு. காய்ஞ்சு போன கப்பில கயிறு ஓடாது, காத்து குறைஞ்சா பூம் தானா வெளிய போகாது. 4க்கு 1 பர்ச்சேஸ் (நம்ம இழுப்பை நாலு மடங்காக்குற கப்பி அமைப்பு) சின்ன படகுக்கு போதும், பால் பேரிங் கப்பியும் நல்ல கேம் கிளீட்டும் (கயிறை பல்லால கவ்விப் பிடிக்கிற பூட்டு) இங்கதான் காசுக்கு வேலை செய்யும். கிளீட் உக்காந்த இடத்துல இருந்து ஒரு கையால மேல வெட்டி இழுத்தா கழண்டுடணும், காத்து அறையும்போது எழுந்து போய் கழட்டுற மாதிரி இருந்தா அது கிளீட்டே இல்ல. பூமை கீழ பிடிக்கிற வேங் இல்லாத படகுன்னா ஒரு 4க்கு 1 போடுங்க, பின் காத்துல பூம் மேல தூக்கி பாய் முறுக்கிக்கிட்டு திடீர்னு அந்தப் பக்கம் அறையுறது குறையும்.

ரீஃப் போடுற ஏற்பாட்டை மட்டும் கட்டாயம் பண்ணுங்க. பின் மூலை கயிறு பூம்ல ஒரு பக்கம் கட்டி, பாய்ல இருக்குற ரீஃப் கண்ணு வழியா போய், பூமோட மறுபக்கம் ஒட்டின கப்பிக்கு இறங்கி, அங்க இருந்து முன்னாடி வந்து கிளீட்ல முடியணும். அந்த கப்பி ரீஃப் கண்ணுக்கு நேர் கீழ இருக்கக்கூடாது, கொஞ்சம் பின்னாடி இருக்கணும், அப்பத்தான் கயிறு கீழயும் இழுக்கும் பின்னாடியும் இழுக்கும், நேர் கீழ வச்சா ரீஃப் போட்ட பாய் தொப்பையோட நிக்கும், எந்த வியாதிக்கு ரீஃப் போட்டோமோ அதே வியாதி திரும்ப வந்துடும். கரைல கட்டியிருக்கும்போது ஒரு பத்து தடவை போட்டு எடுத்து பழகுங்க, ரெண்டு நிமிஷத்துக்கு மேல ஆகக்கூடாது.

ஜிப் பாய்க்கு (முன் பாய்) முன் ஓரத்துல இருந்து கொஞ்சம் உள்ள தள்ளி, மேல நடு கீழன்னு மூணு இடத்துல கம்பளி நூல் ஒட்டுங்க, பாயோட ரெண்டு பக்கமும். மெதுவா காத்து பக்கம் திரும்பும்போது மூணும் ஒரே நேரத்துல துள்ளினா ஷீட் போற கார் (முன்னும் பின்னும் நகத்தக்கூடிய கப்பி) சரியான இடத்துல இருக்கு. மேல் நூல் முதல்ல துள்ளினா காரை முன்னாடி நகத்துங்க, கீழ் நூல் முதல்ல துள்ளினா பின்னாடி. இதுக்கு செலவு ஒரு நூல்கண்டு.

சுக்கான்ல ஆட்டம்

பிடியை கையில பிடிச்சிட்டு இன்னொரு ஆளை கீழ பலகையை ஆட்டச் சொல்லுங்க. டக் டக்னு ஆடினா ஆணி போற வளையம் தேஞ்சிருக்கு, புது புஷ் போடுங்க. நைலான் புஷ் தண்ணி குடிச்சு ஊதிக்கும், சுக்கான் இறுகிப் போகும், அசெட்டால் பிளாஸ்டிக் கிடைச்சா அது நல்லது. பலகையோட முன் விளிம்பு உருண்டையா, பின் விளிம்பு மெலிசா இருக்கணும், முன்னும் பின்னும் சதுரமா வெட்டின பலகைன்னா தேச்சு சரி பண்ணுங்க, பாசியை சுரண்டுங்க. படகோட ரெண்டு முனைலயும் இருக்குற கனத்தை, எக்ஸ்ட்ரா நங்கூரம், பழைய பேட்டரி, எதுக்குன்னே தெரியாத இரும்பு, எல்லாத்தையும் நடுவுக்கு கொண்டு வாங்க இல்லன்னா கரைல விட்டுடுங்க, அலைல மூக்கை குத்திக்குத்தி எழுறது அப்பவே குறைஞ்சிடும்.

புது வயர் போட்ட படகுன்னா அஞ்சாறு தடவை ஓட்டின பிறகு டேப்பை பிரிச்சு, பின்னை கழட்டி, அதே 2 மீட்டர் சட்டத்தோட ஒரு அமைதியான காலைல திரும்ப உக்காருங்க, வயரை கையிறுக்கம் வரைக்கும் லூசாக்கிட்டு முதல்ல இருந்து அளங்க, எனக்கு ஒவ்வொரு பக்கமும் கிட்டத்தட்ட முக்கால் சுத்து இறுக்க வேண்டி வந்துச்சு. அந்த புது மரை எண்ணிக்கையை பழைய கணக்கு எழுதின அதே பக்கத்துல, தேதியோட எழுதி வைங்க.